நீ எழுதிய பூட்டு

இன்று பெரம்பலூரில் மகள் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். அவள் ஏதோ ஒரு கோப்பைத் திறந்தாள். வேறொருவர் அதில் எழுதிக்கொண்டிருக்கிறார், இப்போது படிக்க மட்டுமே முடியும் என்று திரையில் வந்தது. "சனியன், எப்பப் பாத்தாலும் இதே ரோதன" என்று சலித்துக்கொண்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில், அரியலூருக்கு வெளியே இருந்த அந்தச் சிமெண்ட் ஆலையில், இதைத்தானே நீ செய்தாய்? கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். கேபிளால் இணைத்த சில மெஷின்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக் கூலிகளின் வருகைக் கணக்கு எல்லா மெஷின்களுக்கும் பொதுவாக ஒரே கோப்பில் இருந்தது. நான் பதிவு செய்பவள். ப்ரோக்ராம் எழுதுபவள் நீ. உன் அப்பாவும் அந்தச் சுரங்கத்தில்தான் கல் உடைத்துக்கொண்டிருந்தார்.

ஒருவர் எழுதும்போது மற்றவருக்குப் 'பொறுக்கவும்' என்று வரும்படி நீ ஒரு பூட்டு எழுதினாய். "ரெண்டு பேரு ஒரே நேரத்துல எழுதுனா ஒருத்தரு எழுதுனது மேல இன்னொருத்தரு எழுதிருவாங்கடி. அப்புறம் ஃபைலே ஒடஞ்சிரும்" என்று எனக்குச் சொன்னாய்.

தன் திரையில் வந்த அந்தப் 'பொறுக்கவும்' மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "யாரு யாரப் பொறுக்கச் சொல்றது? உங்கப்பன் கல்லு ஒடைக்கிறான், நீ எனக்குப் பூட்டுப் போடுறியா? எடு அத."

"எடுத்தா கணக்கெல்லாம் போயிரும் சார்."

"எடுன்னேன்."

எடுத்தாய். நீ பயந்ததுதான் நடந்தது. ஒருநாள் நான் பதிவு செய்துகொண்டிருந்தபோதே அவரும் தன் அறையிலிருந்து அதே கோப்பில் எழுதினார். திரையில் பெயர்களும் நாட்களும் குழம்பி, வாசிக்க முடியாத கிறுக்கல்களாக நின்றன. அந்த மாதம்தான் நீண்ட நாள் வேலை பார்த்த கூலிகளை நிரந்தரமாக்குவதாக ஆலை ஒப்புக்கொண்டிருந்தது. யார் எத்தனை நாள் வந்தார் என்பதற்கு அந்தக் கோப்பைத் தவிர சாட்சி இல்லை. பழைய தாள்களைக் கம்ப்யூட்டர் வந்த கையோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

நீ மட்டும் கலங்கவில்லை. வாராவாரம் ஒரு பிளாப்பியில், மடிந்தால் பதிந்தது போய்விடும் அந்த மெல்லிய தகட்டில், நகல் எடுத்து வைத்திருந்தாய். சிரித்துக்கொண்டே அதை மேனேஜரிடம் நீட்டினாய். "போன சனிக்கிழம வரைக்கும் எல்லாம் இருக்கு சார்." அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெற்றிலையை மடிப்பதுபோல நிதானமாக இரண்டாக மடித்து, நகத்தால் மடிப்பைத் தேய்த்து, உன் கையிலேயே வைத்தார். "இதுலயும் ஒண்ணும் இல்லயேம்மா."

கணக்கு இல்லையென்றால் ஆலை யாரையும் நிரந்தரமாக்க வேண்டியதில்லை. அது நமக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஆலை கேட்டில் கூலிகள் கூடியபோது மேனேஜர் உன்னை முன்னால் நிறுத்தினார். "இந்தப் பொண்ணுதான் அழிச்சிருச்சு. நீங்களே கேட்டுக்கங்க."

கூட்டத்திலிருந்து உன் அப்பா வந்தார். எல்லோரும் பார்க்க உன்னை அறைந்தார். கீழே விழுந்த உன் மேல் காறித் துப்பினார். "அவ இல்லங்க! பூட்ட எடுக்கச் சொன்னது இவரு! பிளாப்பிய மடிச்சதும் இவருதான்!" என்று நான் கத்தினேன். மேனேஜர் சிரித்தார். "சிநேகிதி வேற எப்படிச் சொல்லும்?"

உன் வேலை போயிற்று. என்னை லாரி எடை போடும் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே புழுதி தின்றேன். உன்னை ஜெயங்கொண்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். முந்திரி உடைத்தாய். ஓட்டுப் பால் பட்டு விரல்களெல்லாம் கருத்து உரிந்திருந்தன. உன் அப்பா உன்னோடு பேசவே இல்லை. பொங்கலுக்கு நீ வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அப்போதும் என்னிடம் சொல்வாய்: "அவருக்கு அந்த பிளாப்பி விசயம் வெளங்கலடி. வெளங்குனா பேசிருவாரு." அதைச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினாய்.

உன் சாவுக்கு உன் அப்பா வந்தார். கண் மங்கியிருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அன்று நடந்ததையெல்லாம் அவருக்குப் புரியும்படி மறுபடி சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியும்மா" என்றார். "கேட்டுல நீ கத்துனப்பவே தெரியும். அந்தாள அடிச்சா மக்யா நாளு கூலியும் கெடைக்காது. இவள அடிக்க முடிஞ்சுச்சு."

"அப்புறமாவது பேசியிருக்கலாமே ஐயா?"

"பேசுனா, எனக்குத் தெரியும்னு ஆயிருமே."

சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கு டீ கொடுத்தாயிற்றா என்று கேட்டார்.

நீ இருந்தபோது இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேன். அப்பாவுக்கு விளங்கவில்லை என்று நம்பியபடியே நீ போய்விட்டாய். அவருக்கு விளங்கியிருந்தது என்பதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.