ரோட்டர் என்னிடம் இருக்கிறது

சிங்கப்பூர், வியாழன், 12 மார்ச் 1964

கோபம் இன்னும் அடங்கவில்லை. வாடிக்கையாளர் ஜோசப் சாரின், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் போட்ட காரைச் சுவா சூ காங் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். வேகம் ஏறியதும் இன்ஜின் விட்டுவிட்டு ஓடி மிஸ் அடிக்கிறது. உள்ளே காற்றழுத்தம் கூடும்போது தீப்பொறி அணைகிறது. தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை மாற்ற வேண்டும்.

பட்டறைக் கூட்டாளியான மச்சானோ, வண்டியை நின்ற இடத்திலேயே உறுமவிட்டுக் காட்டி, "சரியாயிடுச்சு சார். காலையில எடுத்துக்குங்க, ஞாயித்துக்கிழமை ரேஸ் ஓட்டலாம் லா" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார்.

"நின்ன இடத்துல எந்த வண்டியும் நல்லாத்தான் ஓடும். வளைவுல முந்தும்போது மிஸ் அடிச்சா அவர் கதி என்ன மச்சான்?"

"உன் வேலையப் பாரு."

என் வேலையைத்தான் பார்த்தேன். தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளே சுழலும் சின்ன ரோட்டரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அது இல்லாமல் வண்டி கிளம்பாது. தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். காலையில் மச்சான் சாவியைத் திருகிப் பார்க்கட்டும்.