கடைசி வயலுக்கு ஏறிய தண்ணீர்

மச்சான், இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னமே சொன்னவன். உன் மகள் றிஸ்னா பிறந்து, அவளுடைய காதில் பாங்கு சொல்லி முடித்த கையோடு, "இந்தப் புள்ள ஒரு நாளைக்கு உலகத்தையே கேள்வி கேக்கும், பாரு" என்று சொன்னேனா இல்லையா? நீ சிரித்தாய். "உன்ட தங்கச்சி மாதிரி என்னைக் கேள்வி கேக்காட்டிப் போதும்டா" என்றாய்.

இன்று காலை சவளக்கடை வட்டை வயல்களுக்கு வாய்க்காலைத் திறந்துவிட்டார்கள். காய்ந்த மண்ணில் முதல் தண்ணீர் ஏறும்போது ஒரு வாசம் வருமே, அதை வரம்பில் நின்று மூக்கு நிறைய இழுத்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் மண்வெட்டியோடு நிற்பது போலவே இருந்தது. அந்த நேரம் பார்த்து உன் மகளின் அழைப்பு.

"மாமா, கிடைச்சிட்டு!"

சொல்லிவிட்டு அழைப்பை வைத்துவிட்டாள்.

கிடைத்தது என்னவென்று விளக்குகிறேன். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன் என்றாலும், இந்த விஷயத்தில் கல்முனையில் என்னை விட்டால் ஆளில்லை. குவாண்டம் கணினி என்று ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது. அதைப் பெருங்குளிரில் வைத்திருக்க வேண்டும். எவ்வளவு குளிர் என்றால், நம்முடைய ஐஸ் கட்டியை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் ஐஸுக்கு வியர்க்கும். அவ்வளவு கவனமாகப் பார்த்தும் அது கணக்கில் பிழை விடுமாம். அந்தப் பிழை எங்கே, ஏன் வருகிறது என்று தேடுவதுதான் உன் மகளின் ஆராய்ச்சி. அதைப் போலவே ஓடிக் காட்டும் பாவனை நிரல் ஒன்று அவளுடைய மடிக்கணினியிலும் உண்டு. ஆனால் பொம்மை மாட்டுக்குக் காய்ச்சல் வராது. நோயைப் படிக்க உண்மையான மாடு வேண்டும். இந்த உதாரணத்தை அவளுக்கு எடுத்துக் கொடுத்தவன் நான். தானே எனக்குச் சொன்னதாக அவள் சொல்வாள், நம்பாதே.

அதற்காக வெளிநாடு போகத் தேவையில்லை. ஒலுவில் கம்பஸில் தன் மேசையில் இருந்தபடியே வேலையை அனுப்பலாம். ஆனால் முறை கேட்க வேண்டும் மச்சான், நம் தண்ணீர் முறை போலவே. இன்ன வேலைக்கு அந்தக் கணினியில் இவ்வளவு நேரம் வேண்டும் என்று காரணம் காட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் முறை விண்ணப்பம் திரும்பி வந்தது. நான் வீட்டுக்குப் போனபோது மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தாள்.

"என்னவாம் புள்ள?"

"நான் கேட்ட நேரத்துக்குள்ள அந்த வேலைய முடிக்க ஏலாதாம். தேவையைச் சரியாக் கணக்குப் பார்த்துத் திரும்பக் கேக்கட்டாம். இது இல்ல எண்டுறத மரியாதயாச் சொல்றது மாமா."

"நீ என்னத்துக்கு அவ்வளவு கொஞ்சமாக் கேட்டாய்?"

"பெரிய பெரிய நாட்டு ஆக்களெல்லாம் வரிசையில நிக்கிறாங்க. எல்லாருக்கும் குடுத்து மிஞ்சினது நமக்குப் போதும்தானே."

அது அவளுடைய கதையல்ல, உன்னுடைய கதை.

வட்டைக்கு நீ வட்டவிதானையாக இருந்த காலம் முழுவதும் யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை பிரித்தவன் நீ. உன் வயலின் முறையைக் கடைசியில்தான் வைத்தாய். ஒரு சிறுபோகத்தில் ஊர் வயலெல்லாம் பச்சை, உன் வயல் மட்டும் வைக்கோல் நிறம். தங்கச்சி வாசலில் நின்று கத்தினாள்: "ஊராக்களுக்குத் தண்ணி, ஊட்டுக்காரிக்குக் கண்ணீரா?" நீ கால் சேற்றைக் கழுவிக்கொண்டே, "தண்ணி பிரிக்கிறவன் முந்திக் குடிச்சா, பொறகு அவன யாரு நம்புவான்?" என்றாய். அதுவும் நியாயம்தான். அதனால்தான் உன் ஜனாஸா அடக்கத்துக்கு ஒலுவிலும் பாலமுனையும் திரண்டு வந்து, கடற்கரை வீதியே அடைபட்டது. சரி, பாதி வீதி.

ஆனால் மச்சான், உன் மகள் தண்ணீர் பிரிக்கிறவள் அல்ல, வயல்காரி. அவள் தன் பயிருக்குத் தேவையானதைக் கேட்கத்தான் வேண்டும். இதை நான் என் வாயால் சொல்லியிருந்தால், "மாமா கதைக்கத் தொடங்கிட்டார்" என்று எழுந்து போயிருப்பாள். ஆகவே உன் வாயால் சொன்னேன்.

"மகள், வாப்பா கடைசியா என்னட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'என்ட வயலுக்கும் நான் கேட்டிரிக்கணும். புள்ள என்னை மாதிரிக் கடைசியில நிக்கக் கூடா. தேவையானதக் கேக்கச் சொல்லு' எண்டார்."

திருப்பியிருந்த முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"வாப்பாவா சொன்னார்? எப்ப?"

"ஆஸ்பத்திரியில. உங்கும்மா கஞ்சி எடுக்கப் போன நேரம்."

தேநீரோடு வந்த தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் தங்கச்சியல்லவா, அவளுக்கு என் சரக்கு தெரியும். ஆனால் கோப்பையை மகளின் கையில் கொடுத்து, "ஓம், உங்க வாப்பா அப்படித்தான் யோசிச்சிட்டிருந்தார்" என்றாள்.

றிஸ்னா மடிக்கணினியைத் திறந்தாள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் எவ்வளவு நேரம், ஏன் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும், பாவனை நிரல் ஏன் போதாது என்று புதிதாக எழுதினாள். 'மிஞ்சினால்' என்ற சொல் இந்த முறை எங்கேயும் இல்லை. கேட்டது முழுவதும் கிடைத்துவிட்டது மச்சான்.

இனி உண்மையைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நீ அப்படி ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: "கடைசி வயலுக்குத் தண்ணி ஏறிட்டா?" ஓம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய்.

கடைசி வயல் உன்னுடையதல்லவா? வாழ்க்கையில் ஒரேயொரு தடவை உன் வயலைப் பற்றிக் கேட்டாய். அந்தக் கேள்வியை நான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். அதைத்தான் கொஞ்சம் நீட்டி உன் மகளுக்குக் கொடுத்தேன். அவளுடைய கனவில் நீ வந்தால், அவள் கேட்டால், இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே மச்சான்.