எந்த ஆபரேஷன் மேல்?

தாம்பரம்
12.5.2025

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

பிரசவமான நம் மகள் மாலாவும் குழந்தையும் சுகம். உங்கள் குடலிறக்கம் எப்படி இருக்கிறதென்று போனில் கேட்டால், காது மந்தமென்று ஸ்பீக்கரில் போடுகிறீர்கள். கடைக்குப் பருப்பு வாங்க வந்தவர்கள் எல்லாம் பதில் சொல்கிறார்கள். மானம் போகிறது, அதனால் எழுதுகிறேன். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாச்சா, இல்லையா? 'பார்ப்போம், பார்ப்போம்' என்றே என் உயிரை வாங்குகிறீர்கள்.

சங்கரேஸ்வரி

சங்கரன்கோவில்
19.5.2025

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

கோபப்படாதே. விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பக்கத்துக் கடை மம்மது அண்ணாச்சி இதே குடலிறக்கத்துக்குக் கீறித் திறந்து செய்துகொண்டார். செலவு கம்மி. ஆனால் ஒரு மாதம் மூட்டையைத் தொடவில்லை, வியாபாரம் படுத்ததையும் சேர்க்கணுமே. சாம்சன் சார் சின்னத் துளை போட்டுச் செய்துகொண்டார். ஒரே வாரத்தில் பள்ளிக்கூடம் போய்விட்டார். பில்லைக் கேட்டால்தான் தலை சுற்றுகிறது. முழு மயக்கம் வேறு. "ரெண்டுலயும் ஓட்டைய அடைக்க வலைதான் வைப்போம், திரும்ப வாரதும் ஏறக்குறைய ஒண்ணுதான்" என்கிறார் டாக்டர். பிறகு எதற்குக் கூடுதலாகக் கொடுக்கணும்?

இதற்கிடையில் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிப் படுத்தேன். வீக்கம் உள்ளே போய்விட்டது! கோமதியம்மை கண்திறந்துவிட்டாள்.

குருநாதன்

தாம்பரம்
26.5.2025

என்னங்க,

படுத்தால் யாருக்கும் அது உள்ளே போகும். எழுந்து நின்று பார்த்தீர்களா? புற்றுமண்ணில் எனக்கும் பக்தி உண்டு, பூசிக்கொண்டே டாக்டரிடம் போங்கள். மாட்டிக்கொண்டால் குடல் அழுகிவிடும் என்று அவர் சொன்னபோது நானும் கூடத்தானே இருந்தேன்? திறந்தோ துளை போட்டோ, ஒன்றைச் செய்து தொலையுங்கள். அரிசிக்கு விலை விசாரிக்கிற மாதிரி ஊரெல்லாம் கேட்டது போதும். உண்மையைச் சொல்லுங்கள், பயமா?

சங்கரேஸ்வரி

சங்கரன்கோவில்
2.6.2025

ஈஸ்வரி,

ஆமா, பயம்தான். மயக்கம் கொடுத்து எழும்பாமல் போய்விட்டால்? நீ பக்கத்தில் இல்லாமல் அந்த மேஜையில் படுக்க மாட்டேன். பேரனை விட்டுவிட்டு வா என்று சொல்லவும் வாய் வரவில்லை. நீ வந்ததும் எதைச் சொல்கிறாயோ அதைச் செய்துகொள்கிறேன். கடைப் பையன் வராததால் இன்று சர்க்கரை மூட்டையை நானே இறக்கினேன். லேசாக வலி, சரியாகிவிடும்.

குருநாதன்

திருநெல்வேலி, ஆஸ்பத்திரி
6.6.2025

என்னங்க,

உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள், நர்ஸ் கையில் கொடுத்துவிடுகிறேன். மம்மது அண்ணாச்சிதான் உங்களை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, "தங்கச்சி, ஒடனே கெளம்பி வா" என்று போனில் சொன்னார். குடல் மாட்டிக் கறுத்துப்போய், ஒரு துண்டை வெட்டி எடுத்திருக்கிறார்கள். நடு வயிற்றில் பெரிய வெட்டு. இப்போது வலை வைக்க முடியாதாம், பிறகு இன்னொரு ஆபரேஷனாம். நீங்கள் சீர்தூக்கிய ரெண்டையும்விட இதற்குத்தான் செலவு. அது போகட்டும்.

நான் கிளம்பும்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. ரயிலில் படித்தேன். பயமாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருந்தால், மாலாவைச் சம்பந்தியம்மாளிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருக்க மாட்டேனா, மனுஷா?

கண் விழித்துவிட்டீர்கள் என்று நர்ஸ் சொல்கிறாள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. பிழைத்து வாருங்கள், நான் இன்னும் திட்டி முடிக்கவில்லை.

சங்கரேஸ்வரி