சுவர் சாயவில்லை, டாரெல்

பெக்கன் ஃபோர்க், ஓக்லஹோமா
வியாழக்கிழமை

அன்பு மகன் டாரெலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால்தான் மழைக்கு முந்தி வலிக்கிறது. சியாட்டிலில் நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும் என்று இந்தக் கோபத்திலும் ஜெபிக்கிறேன். போனில் பேசினால் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பூங்காவில் இருக்கும் நம் சமுதாயக் கூடத்தை இடித்துவிட்டு பெட்ரோல் பங்க் வைக்கப் போகிறார்களாம். நகர மன்றத்தில் மேயர் கேலன் எழுந்து, சுவர் வயிறு தள்ளி நிற்கிறது, யார் தலையிலாவது விழுந்தால் என்ன செய்வது என்றான். ஆமாம், உன்னோடு பந்து விளையாடிவிட்டு நம் வீட்டிலேயே சாப்பிட்டுக் கிடந்த அதே கேலன்தான். உனக்கு யார்டா சொன்னது என்று கேட்டேன். "கோவிச்சுக்காதீங்கம்மா, நானா சொல்றேன்? உங்க டாரெல்தான் சொன்னான். பாலம் கட்டுற எஞ்சினியர் சொன்னா தப்பா இருக்குமா?" என்று சிரிக்கிறான். கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

எப்போது சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு அந்தக் கூடத்தில்தானே எல்லாரும் சாப்பிட்டோம். ஊர்ப் பெண்கள் அடியில் பெயர் ஒட்டிய பாத்திரங்களில் கோழியும் பீன்ஸும் கொண்டுவந்து நிரப்பினார்கள். நீ தட்டும் கையுமாக நின்று, இது ரொம்ப நாள் தாங்காது என்று கேலனிடம் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கிறாய். தொட்டுப் பார்த்தாயா? தட்டிப் பார்த்தாயா? உன் பாலத்தையும் இப்படித்தான் வாயில் கறியோடு சோதிப்பாயா?

அந்த வயிறு கல்லுக்கு இல்லை மகனே. நீ பள்ளியில் படிக்கும்போது சர்ச் ஆண்கள் எல்லாரும், உன் அப்பாவும்தான், கல் இடுக்கில் சுண்ணாம்பு உதிர்கிறது என்று பாசம் பொங்கி சுவர் முழுக்க சிமெண்டை அப்பினார்களே, அதுதான் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உப்பியிருக்கிறது. நேற்று பட்டப்பகலில் அப்பாவின் சுத்தியலோடு போய் நாலு போடு போட்டேன். கதவு அகலத்துக்குப் பாளம் பாளமாக விழுந்தது. பின்னால் கல் நெட்டுக்குத்தாக நிற்கிறது. கேலன் ஓடிவந்து, "என்னம்மா பண்றீங்க, கேஸாயிடும்" என்றான். போடுடா கேஸு என்றேன். உள்ளே கல்லைப் பாருடா என்றேன். பார்த்தான், முகம் மாறியது, ஆனாலும், "நீங்க சொல்லி என்னம்மா ஆகும், எஞ்சினியர் சொல்லட்டும்" என்றுவிட்டான். போகிற போக்கில், மண்வெட்டியில் சாய்ந்து நின்று பொழுது போக்கியவர்கள் கட்டியதுதானே என்று ஒரு இளக்காரம் வேறு.

எனக்கு அதில்தான் வயிறு எரிகிறது. புழுதி எழுந்து வயல் வரப்பெல்லாம் பாழாகிப் போன ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் உன் தாத்தா அந்தக் கல்லை ஓடைக்கரையில் உடைத்துச் சுமந்தார். வேலையில்லாதவர்களை வைத்து அந்தக் கூடத்தைக் கட்டச் சர்க்கார் கொடுத்த கூலியில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதையும் பிச்சைக் காசு என்று இந்த ஊரே சொன்னது. சாய்ந்து நின்றவர்கள் கட்டிய சுவர் சாயாமல் நிற்கிறது. நிமிர்ந்து நிற்கிற என் பிள்ளையின் ஒரு வார்த்தை அதைச் சாய்க்கப் பார்க்கிறது.

அடுத்த மாதம் முதல் செவ்வாய் மாலை ஓட்டெடுப்பு. நீ வந்து சுவரைத் தட்டிப் பார். பிறகு மன்றத்தில் எழுந்து, அன்றைக்குப் பார்க்காமல் சொன்னேன் என்று உன் வாயால் சொல். வேலை இருக்கிறது, லீவு இல்லை என்று எழுதாதே, எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கர்த்தர் உன்னையும் உன் குடும்பத்தையும் காப்பாராக. பேத்திக்கு என் முத்தம். ஒன்று மட்டும் மறக்காதே. செவ்வாய்க்கு நீ வராவிட்டால், என்னை அடக்கம் செய்யும் அன்றைக்கு ஊர்ப் பெண்கள் பாத்திரங்களை எங்கே இறக்கி வைப்பார்கள் என்று நீயே ஒரு இடம் பார்த்து வை.

கோபம் தீராத உன் அம்மா,
லவான்