ஆலாத்தித் தட்டின் மறுபக்கம்

நேற்று இத்தாலியின் மொண்டெல்லோக் கடற்கரையில் என் சினேகிதி தக்காளிக் கெச்சப் போத்தலை அமுக்கினாள். அது உருளைக்கிழங்குப் பொரியலை விட்டுவிட்டு என் தலையில் வந்து விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தப் புளிப்பு மணத்தோடு உங்கள் ஞாபகம் வந்தது, சிஞ்ஞோரா. அம்மா உங்களை மரியாதையாக அழைத்த அந்தச் சொல்லே என் வாயிலும் நிலைத்துவிட்டது.

அமெரிக்காவிலிருந்து வந்து கபோச் சந்தைப் பகுதியில் குடியிருந்த உங்கள் வீட்டை அம்மா துப்புரவாக்க, பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் உங்களுக்குக் கரைச்சல் கொடுப்பேன். ஒருநாள் உங்கள் கோப்பியில் சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டேன். முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்துவிட்டு, "இதைவிட மோசமானதை என் தலையிலேயே ஊற்றியிருக்கிறார்கள்" என்றீர்கள்.

அறுபதுகளின் அமெரிக்கா எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. பாவாடை கட்டையானது, ஆண்களின் தலைமயிர் நீண்டது, போருக்குப் போகமாட்டேன் என்ற மகனோடு தகப்பன் பேச்சை விட்டது, எல்லாம் சொன்னீர்கள். அப்போது நீங்கள் மாணவி. கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு கொடுக்காத ஒரு கடையில், உங்கள் கறுப்பினத் தோழியின் பக்கத்தில் கதிரையில் போய் இருந்தீர்கள். தலையில் கெச்சப் ஊற்றினார்கள். இருவரும் எழும்பவில்லை.

"இருந்ததற்கே சரித்திரமா? கணக்குப் பாடத்தில் நான் தினமும் அதைத்தானே செய்கிறேன்!"

"அங்கே உன்னை யாராவது இழுத்து எழுப்புகிறார்களா?"

"போராட்டக் கூட்டம் முடிந்தால் கோப்பி போட்டது மட்டும் அப்போதும் பெண்கள்தான்" என்று நீங்களே சேர்த்துக்கொண்டீர்கள்.

பிறகு நான் வயசுக்கு வந்து, என் சாமத்தியவீடு வந்தது. ரயில் ஸ்தாசியோனே பக்கத்தில் மண்டபம், வீடியோ, பல்லக்கு. பலகாரம் முழுவதும் அம்மா சுட்டது. ஆனால் அப்பா உயிரோடு இல்லாததால் அம்மா எனக்கு ஆலாத்தி எடுக்கக்கூடாதாம். புருஷன் உள்ள பெண்கள் சோடி சோடியாக விளக்குத் தட்டைப் பிடித்து என் முன்னால் சுற்ற, பெற்ற அம்மா மண்டபத்தின் சமையல் குசினி வாசலில் நின்றார்.

கடைசிச் சோடி முடிந்தும் நான் எழும்பவில்லை. "அம்மாவும் எடுக்கட்டும்."

அப்பாவின் அக்கா, என் மாமி, காதுக்குள் சீறினார். "எடி, எழும்பு! சனம் பாக்குது."

"பாக்கத்தானே மாமி இவ்வளவு நகையும் போட்டுவிட்டனீங்கள்?"

"உன்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன். கூடாதெண்டால் கூடாது."

அம்மா வாசலிலிருந்து, "வேண்டாம் பிள்ளை" என்று கையை ஆட்டினார். என் வாயில் பகிடி ஒன்றும் மிச்சமில்லை. அழுகைதான் வந்தது.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து ஊன்றுகோலோடு வந்தீர்கள். அம்மா கட்டிவிட்ட சேலை பாதி அவிழ்ந்திருந்தது. என் காலடியில், தரையில் இருந்துவிட்டீர்கள். "எனக்கு இது பழக்கம்."

"ஐயோ, இந்த மனிசியை ஆர் இப்ப தூக்கிறது?" என்றார் மாமி. ஒருவரும் தூக்கவில்லை. வீடியோக்காரர் மட்டும் தன் வேலையில் கண்ணாக இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா தானாக வந்து தட்டை எடுத்தார். மறுபக்கம் பிடிக்க ஒருத்தியும் அசையவில்லை. இரண்டு தரம் விவாகரத்து வாங்கிய நீங்கள் எழும்பிப் பிடித்தீர்கள். பிடித்ததும் தட்டை எதிர்ப்பக்கமாகச் சுற்றப் பார்த்தீர்கள். அம்மா சிரித்துக்கொண்டே திருப்பினார்.

போன மாசியில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். மாமி மாறவில்லை. இன்று காலை, தன் மகளின் சாமத்தியவீட்டுக்குப் பலகாரம் சுட வரச்சொல்லி அம்மாவுக்குப் போன் எடுத்தார்.

"ஓம் மச்சாள், வாறன்" என்றார் அம்மா. பிறகு, "ஆலாத்திக்கும் நான் வரட்டோ?"

போனுக்குள் மாமியின் குரல் எனக்கும் கேட்டது.

"அதைப் பிறகு கதைப்பம்."

"இல்லை மச்சாள், இப்பவே கதைப்பம். நீங்கள் யோசியுங்கோ. நான் போனை வைக்கேல்லை."

அம்மா குசினிக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். நான் மற்றக் கதிரையை இழுத்து, அவர் பக்கத்தில் போய் இருந்தேன்.