மேல் பாதி உன் பொறுப்பு

ஆம்பூர்
20-1-2025

இன்னும் முழுசா உதிக்காத இளம்பரிதிக்கு,

பிரியாணி ஊரிலிருந்து உன்னைப் பிரியா நண்பன் ஜோஸ் எழுதுவது. நான் நலம். நீயும் உங்க ஊர் நண்டுகளும் நலமா?

உன் போன் ஏரியில விழுந்தாலும் விழுந்தது, நாம தபால்காரருக்குச் சொந்தக்காரங்க ஆகிட்டோம். போகட்டும், ஃபிலிம் ரோலை எப்படியும் வாட்சப்ல அனுப்ப முடியாது.

ரோலைக் கழுவி பிரிண்ட் போட்டாச்சு. லென்ஸோட மேல் பாதியை மறைச்சு நீ விடியக்காலையில எடுத்த பழவேற்காடு கடற்கரை கீழே. அதே ஃபிலிம்ல கீழ் பாதியை மறைச்சு நான் எடுத்த வானம் மேலே. முப்பத்தாறும் ஒட்டின இடம் தெரியாம வந்திருக்கு. எந்த ஊர் வானம்னு மட்டும் கேட்காத. கம்பெனி ரகசியம்.

இப்படிக்கு,
ஜோஸ்
(வானம் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்)


பழவேற்காடு
25-1-2025

அன்புள்ள ஜோஸ்,

படமெல்லாம் வந்து சேர்ந்தது. அப்படி ஒரு வெளிர் நீலத்தை நான் பார்த்ததே இல்லடா. ஆம்பூர்ல ஏது இப்படி வானம்?

ஆனா பதினாலாவது படத்தைப் பார்த்தா ஒரு மாதிரியா இருக்கு. அப்பாவோட படகுக்கு நேர் மேல, வானத்துல ஒரு கிழிசல். உள்ளே கறுப்பா இருக்கு. அம்மா அதைக் கவுத்து வெச்சிட்டாங்க. ஷூ கம்பெனி வேலை போய் இங்கே மாமா ஊருக்கு வந்ததுல இருந்து அப்பா அவர்கூட தினம் கடலுக்குப் போறார். அவருக்கு நீச்சல் தெரியாது. ஆம்பூர்ல எங்க கத்துக்கிறது, பாலாறு முழுக்க மணல்தானே.

அது என்ன வானம்? உண்மையைச் சொல்லு.

உன்
இளம்பரிதி


ஆம்பூர்
29-1-2025

தோஸ்த்,

மாட்டிக்கிட்டியா! அது வானமே இல்ல, ஆட்டுத் தோல்!

அப்பா வேலை செய்ற தோல் கம்பெனிக்கு டிபன் எடுத்துட்டுப் போவேன் இல்ல, அங்கே குரோம் மருந்துல ஊறி நீலமா வர்ற ஈரத்தோலை மேஜையில விரிச்சு ரகம் பிரிப்பாங்க. அசல் விடியக்கால நீலம். மேகம்னு நீ நினைச்சது சுருக்கம். மின்னல் மாதிரி ஒரு கோடு இருக்கே, ஆடு முள்கம்பியில கீறிக்கிட்ட தழும்பு. கிழிசல், உரிச்சப்ப கத்தி பட்டது. உங்கம்மாகிட்ட சொல்லு, உங்க வானம் 'மே'ன்னு கத்தும்னு.

உன்
ஆட்டுத்தோல் ஜோஸ்


பழவேற்காடு
3-2-2025

ஜோஸ்,

சிரிக்கிற நிலைமையில நான் இல்ல.

சனிக்கிழமை விடிஞ்சப்ப கரையில நின்னேன். வானம் அந்த நீலமா இருந்துச்சு. முள்கம்பித் தழும்பு கிழக்கால இருந்துச்சு. கிழிசலும் இருந்துச்சு, அப்பா படகுக்கு நேர் மேல. அதுக்குள்ள இருந்து காத்து இறங்குச்சு. கரையில கட்டியிருந்த கொடி ஒண்ணுகூட அசையல. படகு மட்டும் கவுந்துச்சு. மாமா அப்பாவைச் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தார். அப்பா ரெண்டு நாளா மாமாவோட படகைச் சரி பண்றார்.

வெள்ளிக்கிழமை திரும்பவும் போறார். போகாம எப்படி? வேற வேலை இல்ல. நான் சொன்னா, பரீட்சைக்குப் படிடான்றார்.

நீ கிளப்பினதுதானே, நீதான் ஏதாவது பண்ணணும். கீழ் பாதியை நான் பார்த்துக்கறேன். மேல் பாதி உன் பொறுப்பு.

இளம்பரிதி


பழவேற்காடு
7-2-2025

ஜோஸ்,

அப்பா வந்துட்டார். ஒன்பது மணிக்கெல்லாம் கூடை நிறைய கானாங்கெளுத்தியோட வந்துட்டார்.

விடியக்காலையில அந்த நீலம் திரும்ப வந்துச்சு. ஆனா கிழிசல் மூடியிருந்தது. சிவப்பு நூல்ல யாரோ தைச்சிருந்தாங்க. எண்ணினேன், பதினொரு தையல். வேற யாருக்கும் தெரியல. மாமா, "இன்னாடா வாயைப் பொளந்துட்டு நிக்கற"ன்னு தலையில தட்டினார்.

நீதானே? நன்றிடா. ஆனா ஒண்ணு. கடைசித் தையலுக்கு முடிச்சு இல்ல. நூல் நுனி கடல் வரைக்கும் தொங்குது. காத்தடிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு தையலா தளருது.

சீக்கிரம் முடிச்சு போடு.

இளம்பரிதி


ஆம்பூர்
12-2-2025

அன்புள்ள இளம்பரிதி,

உன் மூணாம் தேதி லெட்டரைப் படிச்சு, என்னையே ஏமாத்தறியான்னு முதல்ல சிரிச்சேன். ராத்திரி தூக்கம் வரல. வெள்ளிக்கிழமை விடியறதுக்கு முன்னாடியே, நைட் ஷிஃப்ட்ல இருந்த அப்பாவுக்கு டிபனோட போய், அம்மா ஷூ தைக்கிற ஊசியில, அம்மாவோட சிவப்பு நூல்ல, அந்தத் தோலைத் தைச்சேன். யார்கிட்டயும் சொல்லல. பதினொரு தையல்னு நீ எழுதித்தான் எனக்கே தெரியும். அப்பா வர்ற சத்தம் கேட்டுது. முடிச்சு போடாமலே ஓடிட்டேன்.

உன் லெட்டர் வந்ததும் கம்பெனிக்கு ஓடினேன். தோல் இல்ல. "எவனோ தைச்சு நாசம் பண்ணிட்டான், ரிஜெக்ட்ல போட்டேன். சனிக்கிழமை லாரி ஏத்திட்டாங்க. துண்டு போட்டுக் கையுறை தைப்பாங்க"ன்னார் அப்பா. என் மூஞ்சியைப் பார்த்தார்.

உனக்கு நிஜ வானமாவது எடுத்து அனுப்பலாம்னு இன்னிக்கு விடியக்காலையில கேமராவோட மொட்டை மாடிக்குப் போனேன். மலைக்கு மேல தெளிஞ்ச நீலம். அதுல இருந்து ஒரு சிவப்பு நூல் தொங்குது. எங்க தண்ணி டேங்க் வரைக்கும் வருது. எட்டிப் பிடிச்சேன். லேசா இழுக்குது, மீன் கடிச்ச தூண்டில் மாதிரி.

முடிச்சு போட்டுப் பார்த்தேன், அவிழ்ந்துடுது. பிடிச்சுக்கிட்டா மட்டும் நிக்குது. அம்மா கீழேயிருந்து, "ஜோஸ், ஸ்கூலுக்கு நேரமாச்சு, மேல இன்னாடா விளையாட்டு"ன்னு கத்தறாங்க. விளையாட்டு இல்லன்னா இந்த வீட்ல யார் நம்புவாங்க? நீ நம்புவ.

உங்கப்பா கரை சேர்ந்ததும் எழுது. அதுவரைக்கும் விடமாட்டேன்.

உன்
ஜோஸ்

பி.கு.: கையெழுத்து கோணலா இருக்குன்னு திட்டாத. இடது கையால எழுதறேன்.