தலைகீழாக வைத்த கோட்டை

மம்பாவ், சிரம்பான்
அக்டோபர் 6

கீத்துக்கு,

உன் நலத்தை முகநூலில் நீ போடும் படங்களிலேயே பார்த்துக்கொள்கிறேன். பெர்த்தில் வெயில் நன்றாக அடிக்கிறது, உன் மனைவி எலெய்ன் இளைத்திருக்கிறாள், நீ பருத்திருக்கிறாய். ஆகவே அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. இங்கே நானும் மோகனாவும் இருக்கிறோம். மழை தொடங்கிவிட்டது. போன வருடம் பள்ளியிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றுக்கொண்டேன். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவனைத் தலைமையாசிரியராக்கினார்கள். தினமும் காலையில் அவனுக்கு வணக்கம் சொல்ல என் வாய்க்கு வரவில்லை.

வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அங்கேதான் நீ என்னைப் பற்றிப் பேசினாய், பழைய மாணவர் குழு முழுவதும் பார்க்க. கிறிஸ்மஸுக்கு நீ வருகிறாய் என்றதும் சத்தியசீலன், "கீத்தும் மகேனும் ஒரு செஸ் ஆட்டம் போடணும், தம்பின் டவுன்லேருந்து வந்து பாப்பேன்" என்று எழுதினான். உன் பதில்: "மகேனா? மொதல்ல ரேட்டிங் எடுத்துட்டு வரச் சொல்லு லா, அப்புறம் பாக்கலாம்." கூடவே சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள். மற்றவர்களும் சிரித்தார்கள். சத்தியசீலனும்தான்.

சரி, எடுத்துக் காட்டலாம் என்று கிளம்பினேன். உன் காலத்தில் எப்படியோ, இப்போது செஸ் சங்கத்தில் பெயரைப் பதிந்தால் உடனே ஓர் எண் தருகிறார்கள். அது வெறும் அடையாளம். ரேட்டிங், அதாவது ஆட்டத்திறனுக்கான புள்ளி, வேண்டுமென்றால் ஏற்கெனவே ரேட்டிங் உள்ள ஐந்து பேரோடாவது மோத வேண்டும்; கணக்கிட்டு வரும் புள்ளி ஓர் அளவுக்குக் கீழே இறங்கவும் கூடாது. போன மாதம் சிரம்பானில் ஒரு பேரங்காடியின் மாடியில் போட்டி நடந்தது. பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ரேட்டிங் உள்ளவர்கள் மேலே. இல்லாதவர்கள் அடியில், ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளோடு. பட்டதாரி ஆசிரியன் மகேந்திரன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சைபர். வாசலில் ஒருத்தி என்னைப் பார்த்து, "அண்ணே, உங்க பிள்ளைக்கு எந்த மேசை?" என்று கேட்டாள். எனக்குத்தான் மேசை என்றேன். "ஓ, சரி சரி, விளையாடுங்க" என்று தட்டிக்கொடுப்பதுபோல் சொன்னாள்.

மோசமாக ஆடவில்லை. அதை நீ நம்ப வேண்டும். கடைசிச் சுற்றில் ஒரு வெற்றி கிடைத்தால் என் பெயரும் ரேட்டிங் பட்டியலில் ஏறிவிடும் என்ற நிலை. எதிரே லோகேஸ்வரி, போர்ட் டிக்சனில் படிக்கும் பெண், ரேட்டிங் உள்ளவள். எனக்குக் கறுப்பு. என் ராணி என் ராஜாவை மறைத்துக்கொண்டு அசைய முடியாமல் நின்றது. ஆனால் என் சிப்பாய் ஒன்று ஓடிப்போய் கடைசிக் கட்டத்தைத் தொட்டுவிட்டது. அங்கே போன சிப்பாயை ராணியாக்கலாம்; இன்னொரு ராணி வந்தால் ஆட்டம் என்னுடையது. அவள் வெட்டி ஓரமாக வைத்திருந்த என் கோட்டையை எடுத்து, சிப்பாய் நின்ற இடத்தில் தலைகீழாகக் கவிழ்த்தேன். "ராணி" என்று சத்தமாகவே சொன்னேன். கடிகாரத்தைத் தட்டினேன்.

அவள் நகர்த்தினாள். நான் என் புது ராணியை மூலைவாட்டில் குறுக்கே இழுத்து செக் வைத்தேன். அவள் நடுவரைக் கூப்பிடக் கையைத் தூக்கினாள்.

நடுவர் தர்மேந்திரன், தாடி வைத்த இளைஞன். குனிந்து பார்த்துவிட்டு, "அங்கிள், இது கோட்டை. கோட்டை எப்படி குறுக்கே போகும்?" என்றான். கவிழ்த்து வைத்தால் ராணி என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எந்த ஊர்லே அங்கிள்? கவுத்தாலும் கோட்டை கோட்டைதான் லா. கைய தூக்கிக் கேட்டிருந்தா ராணி குடுத்திருப்பேனே, மேசையிலே அவ்வளவு இருக்கு" என்றான். உண்மைதான். அவன் மேசையில் ராணிகளாகக் கிடந்தன. தொட்ட காயைக் கோட்டையாகவே நகர்த்த வேண்டும் என்றான். நகர்த்தினேன். அதோடு முடிந்தது. அந்தப் பெண் எழுந்து, "சாரி அங்கிள், ரூல் அப்படி" என்றாள். அவள் மன்னிப்புக் கேட்டதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

எந்த ஊர் என்று கேட்டானே, அந்த ஊரில் அந்தச் சட்டத்தைப் போட்டவன் நீ. லுக்குட் பட்டணத்துக்குப் பின்னால் நம் ரப்பர் தோட்டத்து இளைஞர் மன்றக் கொட்டகையில், பக்கத்துக்கு ஒரே ராணி உள்ள அந்தச் செஸ் பெட்டியை வைத்துக்கொண்டு, "டேய், கோட்டைய கவுத்து வெச்சா ராணிடா" என்றாய். எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.

பிறகு மாநிலச் செஸ் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு வந்தது. தோட்டத்திலிருந்து ஒருவர்தான் போகலாம் என்றார்கள். மன்றத்து இறுதி ஆட்டத்தில் உன்னை வென்றவன் நான். சிரம்பானுக்குப் போனவன் நீ. பெயர் எழுதி அனுப்பியவர் தோட்டத்துக் கணக்கெழுதிய கிராணி ராயப்பன், உன் அப்பா. அவர் முன்னால் நின்று சம்பளம் வாங்கிய என் அப்பா சன்னாசி எந்த வாயால் கேட்பார்? நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காரில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கையசைத்தாய். அந்தப் பெரிய மண்டபத்தில், கேட்டால் இன்னொரு ராணி தருவார்கள் என்பதை நீ அன்றே பார்த்திருப்பாய். திரும்பி வந்து எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் கவிழ்த்துக்கொண்டே இருந்தோம்.

மோகனா, "இந்த வயசுலே யாருக்குங்க காட்டணும்?" என்கிறாள். அடுத்த போட்டி அடுத்த ஆண்டுதானாம். இப்போது ஆடியதையும் அதோடு சேர்த்துக் கணக்கெடுப்பார்களாம். போவேனா என்று தெரியவில்லை. எப்படியும் கிறிஸ்மஸுக்குள் நீ கேட்டது என் கையில் இருக்காது. சைபராகவே இருப்பேன்.

ஒன்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. தோட்டத்தை விட்டுப் போன அன்று, ஞாபகத்துக்கு என்று கறுப்பு ராணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். கொட்டகையை இடித்தபோது அந்தப் பெட்டியை நான் எடுத்து வந்துவிட்டேன். ராணி நிற்க வேண்டிய இடத்தில் அன்று முதல் ஒரு ரப்பர் கொட்டைதான் நிற்கிறது. அது எங்கும் போகும், குறுக்கேயும் போகும். இந்த வீட்டில் யாரும் கை தூக்குவதில்லை. வீட்டு ஆட்டத்தை எந்தச் சங்கமும் கணக்கில் எடுப்பதில்லை, உன் ரேட்டிங்கில் ஒரு புள்ளி குறையாது.

பயணம் பத்திரமாக அமையட்டும். அந்த ராணி இன்னும் உன்னிடம் இருந்தால் கொண்டு வா. தொலைத்திருந்தால் அதைச் சொல்லவாவது வா.

மகேந்திரன்